நிச்சயதார்த்த மோதிரம்: 70 சென்ட் ரவுண்டா, 67 சென்ட் ரவுண்டா, ஓவலா?

மடிப்பாக்கம்_அக்கா (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். தை மாதம் தம்பிக்கு நிச்சயதார்த்தம், இன்னும் 7 வாரம் இருக்கிறது. பெண்ணுக்கு நாங்கள் போடும் மோதிரத்தில் ஒற்றைக்கல் வைரம் வைப்பதாக முடிவு. 18 கேரட் மஞ்சள் தங்கம், இயற்கை வைரம்தான். அந்தப் பெண் சோழிங்கநல்லூரில் ஐடி வேலை, மோதிரத்தைத் தினமும் கழற்றாமல் போடுவாள்.

தி. நகரில் மூன்று கல் எடுத்து வைத்திருக்கிறார்கள். மூன்றுக்கும் ஜிஐஏ (அமெரிக்க ரத்தினக்கல் ஆய்வு நிறுவனம்) ரிப்போர்ட் உண்டு. விவரம் இதோ:

கல் 1: ரவுண்ட், 0.70 கேரட் (70 சென்ட்), கலர் ஜி, விஎஸ்2, கட் எக்ஸலண்ட். விட்டம் 5.63–5.66 மி.மீ., உயரம் 3.54. டேபிள் 57%, டெப்த் 62.7%, கிரவுன் 35.5°, பெவிலியன் 41.2°.

கல் 2: ரவுண்ட், 0.67 கேரட், கலர் எச், விஎஸ்2, கட் எக்ஸலண்ட். விட்டம் 5.61–5.64 மி.மீ., உயரம் 3.47. டேபிள் 56%, டெப்த் 61.7%, கிரவுன் 34.5°, பெவிலியன் 40.8°.

கல் 3: ஓவல், 0.75 கேரட், கலர் ஜி, விஎஸ்1. 7.05 × 5.10 × 3.25 மி.மீ., டேபிள் 60%, டெப்த் 63.7%. பாலிஷ் எக்ஸலண்ட், சிமெட்ரி வெரி குட். 'கட்' என்ற இடமே ரிப்போர்ட்டில் இல்லை.

விலையில் கல் 1தான் அதிகம். கடையில் அதையே எடுக்கச் சொல்கிறார்கள். பெண்ணுக்கு ஓவல் பிடிக்கும் என்று தம்பி சொல்கிறான். அம்மாவுக்கு உள்ளே புள்ளி இருக்கக் கூடாது, தோஷம் என்று கவலை. எல்லாமே கடை விளக்கில் ஒரே மாதிரி ஜொலிக்கிறது, எதை வைத்து முடிவு செய்வது என்று புரியவில்லை. இரண்டும் எக்ஸலண்ட் என்றால் கல் 1, கல் 2 இரண்டும் ஒன்றுதானா? ஓவலுக்கு ஏன் கட் கிரேடு இல்லை?

---

பட்டைக்கோணம்

கேள்வியிலேயே அளவெல்லாம் கொடுத்துவிட்டீர்கள், அதனால் திட்டமாகப் பேசலாம்.

முதலில் ஒரு சொல் குழப்பம். கடையில் 'என்ன கட் வேணும்?' என்று கேட்டால் ரவுண்ட், ஓவல், பிரின்சஸ் என்று வடிவத்தைத்தான் கேட்கிறார்கள். ரிப்போர்ட்டில் இருக்கும் 'கட்' வேறு. எந்தக் கோணத்தில், எந்த விகிதத்தில் பட்டை தீட்டியிருக்கிறார்கள் என்பதன் தரம் அது. கல் கண்ணைப் பறிப்பதும் கண்ணாடித் துண்டு போல மந்தமாகக் கிடப்பதும் இந்த இரண்டாவது விஷயத்தால்தான். கலரில் (ஜி, எச் என்ற எழுத்து) ஒரு படி, கிளாரிட்டியில் (விஎஸ்1, விஎஸ்2 என்ற உள்குறை அளவு) ஒரு படி கூடினாலும் குறைந்தாலும் விரலில் யாருக்கும் தெரியாது. கோணம் தவறினால் மூன்றடி தள்ளி நிற்பவருக்கும் தெரியும்.

கல்லின் உறுப்புகளைத் தெரிந்துகொள்ளுங்கள். மேலே தட்டையாக இருக்கும் பெரிய பட்டை டேபிள். இடுப்புபோல சுற்றி ஓடும் விளிம்பு கர்டில். அதற்கு மேலே கிரவுன், கீழே கூம்பாக இறங்குவது பெவிலியன். டேபிளின் அகலமும் கல்லின் மொத்த உயரமும் (டெப்த்) விட்டத்தில் எத்தனை சதவீதம் என்றுதான் ரிப்போர்ட்டில் எழுதியிருக்கும். ரவுண்ட் பிரில்லியண்டில் கிரவுனில் 33, பெவிலியனில் 24, ஆக 57 பட்டை. அடிநுனியிலும் சின்னதாக ஒரு பட்டை வைத்தால் 58.

வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.417. அதனால் உள்ளே போன கதிர் ஒரு பட்டையின் செங்குத்துக்கு 24.4°க்கு மேல் சாய்ந்து விழுந்தால் வெளியே போகாது, முழுதாக உள்ளேயே திரும்பும். பெவிலியன் 40.8° என்றால், மேலிருந்து நேராக வரும் கதிர் ஒரு பக்கச் சுவரில் பட்டு, எதிர்ச் சுவரில் பட்டு, மறுபடி மேலேயே நம் கண்ணுக்கு வந்துவிடும். பெவிலியன் ரொம்ப ஆழமானால் நடு இருண்டுவிடும், ஆணித்தலை போல இருக்கும். ரொம்பத் தட்டையானால் டேபிளுக்குள் கர்டிலின் பிம்பம் சாம்பல் வளையமாகத் தெரியும், மீன் கண் என்பார்கள்.

1919இல் மார்செல் டோல்கோவ்ஸ்கி என்ற பொறியாளர் கணக்குப் போட்டுச் சொன்ன அளவு: டேபிள் 53%, கிரவுன் 34.5°, பெவிலியன் 40.75°. இன்றைக்குப் பட்டறைகள் டேபிளைக் கொஞ்சம் அகலமாக்கிவிட்டன, ஆனால் கோணங்கள் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான் நிற்கின்றன. ரவுண்ட் வாங்கும்போது நான் பார்க்கச் சொல்லும் எல்லை: டேபிள் 54–58, டெப்த் 60–62.4, கிரவுன் 34–35, பெவிலியன் 40.6–41. இதில் கிரவுனும் பெவிலியனும் ஒன்றுக்கொன்று ஈடுகட்ட வேண்டும். கிரவுன் 35 என்றால் பெவிலியன் 40.6 பக்கம் வரட்டும். கிரவுன் 34 என்றால் 41 வரை தாங்கும். இரண்டும் சேர்ந்து ஏறினால்தான் சிக்கல்.

உங்கள் கல் 1இல் அதுதான் நடந்திருக்கிறது. 35.5, 41.2, இரண்டுமே மேல் பக்கம். ஜிஐஏ 2006 முதல் ரவுண்டுக்குக் கொடுக்கும் கட் கிரேடில் எக்ஸலண்ட் என்பது அகலமான கூடை, இந்தக் கல்லும் அதில் விழும். ஆனால் இந்த மாதிரி சேர்க்கையில் டேபிள் விளிம்புக்குக் கீழே சுற்றிலும் ஒரு வளையமாக ஒளி கசியும். கல் 2 அந்தக் கூடையின் நடுவில் இருக்கிறது. ஆக, இரண்டும் எக்ஸலண்ட் என்றாலும் இரண்டும் ஒன்று இல்லை.

கல் 1 ஏன் இப்படி வெட்டப்பட்டது? விலைப் பட்டியலில் 0.50–0.69 ஒரு கட்டம், 0.70–0.89 அடுத்த கட்டம். 70 சென்ட்டைத் தொட்டால் கேரட் விலையே ஏறிவிடும். அதனால் எடையை விடாமல் பிடிக்க, கோணத்தை நிமிர்த்தி, எடையை அடிப்பக்கம் ஒளித்துவைப்பார்கள். மேலிருந்து பார்க்கும்போது உங்களுக்குக் கிடைப்பது என்ன? கல் 1 சராசரி 5.645 மி.மீ., கல் 2 சராசரி 5.625 மி.மீ. வித்தியாசம் 0.02 மி.மீ. 3 சென்ட் கூடுதல் எடை, ஒரு கட்டம் கூடுதல் விலை, கண்ணுக்குத் தெரியும் அளவில் ஒன்றுமே இல்லை. ஜிக்கும் எச்சுக்கும் உள்ள கலர் வித்தியாசம் மஞ்சள் தங்கத்தில் பதித்தபின் காணாமல் போய்விடும். இந்த இரண்டில் எனக்குச் சந்தேகமே இல்லை, கல் 2.

---

சௌகார்பேட்டை_லூப்

மேலே சொன்னவரோடு ஒத்துப்போகிறேன், ஒரு திருத்தத்தோடு. ரிப்போர்ட்டில் இருக்கும் கோணத்தைத் தெய்வ வாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாதுங்க. கிரவுனில் 8 முக்கியப் பட்டை இருக்கு, அந்த எட்டையும் அளந்து சராசரி எடுத்து, அதையும் அரை டிகிரிக்கு முழுதாக்கித்தான் ஜிஐஏ அச்சடிக்குது. பெவிலியனை 0.2 டிகிரிக்கு முழுதாக்கும். அதனால 35.5 என்று போட்டிருப்பது 35.3 ஆகவும் இருக்கலாம், 35.7 ஆகவும் இருக்கலாம். எட்டில் ஒன்று 34.8, ஒன்று 36.2 என்று ஆடினாலும் சராசரி அழகாக வரும். ரிப்போர்ட் வடிகட்டத்தான். முடிவு கண்ணால் பார்த்துத்தான்.

கண்ணால் பார்ப்பது எப்படி என்று சொல்கிறேன். கடை விளக்குகள் ஒவ்வொன்றும் சின்னச் சின்ன ஸ்பாட் எல்ஈடி. அந்த வெளிச்சத்தில் கண்ணாடிக்கல்லும் பொறி பறக்கும். அங்கே எந்தக் கல்லையும் ஒப்பிடாதீங்க.

முதலில் கல்லைத் துணியால் துடைத்துத் தரச் சொல்லுங்க, விரல்ரேகை பட்ட கல் பாதி செத்துப் போயிருக்கும். பிறகு மூன்றையும் ஒரே வெள்ளைத் தட்டில் வைத்துக் கடை மேஜைக்கு அடியில், ஸ்பாட் விழாத நிழலுக்குக் கொண்டு போங்க. ஒரு அடி தூரத்தில் வைத்துப் பாருங்க. நல்லா வெட்டின ரவுண்ட் அந்த மங்கலிலும் ஓரம்வரை வெளிச்சமாக இருக்கும். கசியும் கல்லில் டேபிளைச் சுற்றி சாம்பல் வளையம் தெரியும். அடுத்து வாசல் பக்கம், வெயில் நேராகப் படாத பகல் வெளிச்சம். மூன்றாவது, சாதாரண டியூப் லைட். அந்தப் பெண் நாள் முழுக்க இருக்கப்போவது ஆபீஸ் விளக்கில்தானே, கல் அங்கே எப்படி இருக்கும் என்பதுதான் முக்கியம். கடைசியாக நேர் வெயிலிலும் ஒரு முறை காட்டுங்க. ஃப்ளோரசன்ஸ் (புற ஊதா ஒளியில் கல் ஒளிரும் தன்மை) ஸ்ட்ராங் என்று ரிப்போர்ட்டில் இருந்தால் சென்னை வெயிலில் கல் பால் கலந்தாற்போல் மங்குதா என்று பார்க்கணும். பெரும்பாலும் மங்காது, ஆனால் மங்கும் கல்லும் உண்டு. ஃபெயின்ட் என்றால் கவலையே வேண்டாம்.

ஐடியல் ஸ்கோப் என்று உள்பக்கம் சிவப்பாக ஒரு சின்னக் குழாய் இருக்கு. கல்லுக்கு அடியில் வெள்ளை வெளிச்சம் வைத்து அதன் வழியே பார்த்தால், ஒளி கண்ணுக்குத் திரும்பும் இடம் சிவப்பு, கசியும் இடம் வெள்ளை, நம் தலை மறைக்கும் இடம் கறுப்பு. நல்ல ரவுண்டில் சிவப்புக்கு நடுவே எட்டு கறுப்பு அம்பு சீராக நிற்கும். கல் 1ஐயும் கல் 2ஐயும் அதில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்க, அரை நிமிஷத்தில் விடை வந்துடும். சில வைரக் கடைகளில் இருக்கும், கேட்டுப் பாருங்க. 'ஹார்ட்ஸ் அண்ட் ஆரோஸ்' என்று தனிப் பேர் வைத்துக் கூடுதல் விலை சொன்னால், ஸ்கோப்பில் காட்டின பிறகு பேசலாம் என்று சொல்லுங்க.

இப்போ ஓவல். ஜிஐஏ ரவுண்டுக்கு மட்டும்தான் கட் கிரேடு போடுது. ஓவல், பேர், குஷன், எமரால்ட் எதுக்கும் கிடையாது, பாலிஷும் சிமெட்ரியும் மட்டும். காரணம் சுலபம். ரவுண்ட் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே கோணம். ஓவலில் நீளவாட்டில் ஒரு பெவிலியன் கோணம், அகலவாட்டில் இன்னொன்று. பட்டை அமைப்பும் பட்டறைக்குப் பட்டறை மாறும். அதனால் காகிதத்தில் அழகாக இருக்கும் ஓவல் நேரில் சப்பென்று இருக்கும், காகிதத்தில் சுமாரான ஓவல் நேரில் அள்ளும். ஓவலை நேரில் பார்க்காமல் வாங்கவே கூடாது.

பார்க்க வேண்டிய முதல் குறை போ டை. கல்லின் நடுவில், அகலவாட்டில், வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்தாற்போல் கறுப்பு நிழல் விழும். பார்க்கிறவர் தலையே அந்தப் பட்டைகளுக்கு வரும் வெளிச்சத்தை மறைப்பதுதான் காரணம். கொஞ்சமும் இல்லாத ஓவல் அபூர்வம். லேசாக இருந்து, கல்லைப் பத்துப் பதினைந்து டிகிரி ஆட்டினதும் நிழலும் வெளிச்சமும் இடம் மாறினால் நல்லதே, அந்த ஆட்டம்தான் கல்லுக்கு உயிர். ஆட்டினாலும் கறுப்பு அங்கேயே நின்றால் வேண்டாம்.

இரண்டாவது ஜன்னல். கோடு போட்ட நோட்டில் கல்லை டேபிள் மேலே பார்த்தபடி வைத்து நேராகப் பாருங்க. நடுவில் கோடு அப்படியே தெரிந்தால் அந்த இடத்தில் ஒளி திரும்பவில்லை என்று அர்த்தம். விரலில் போட்டால் அந்த இடத்தில் தோல் தெரியும்.

மூன்றாவது கலர். ஓவலின் இரண்டு நுனியிலும் மஞ்சள் சாயல் கூடித் தெரியும். உங்கள் கல் ஜி, தங்கமும் மஞ்சள், பிரச்சினை இல்லை.

'ஓவல் பெருசாத் தெரியும்' என்று எல்லாரும் சொல்வாங்க. கணக்குப் பார்த்துடலாம். உங்கள் ஓவலின் மேல்பரப்பு சுமார் 28.2 சதுர மி.மீ., கல் 2க்கு 24.85. ஆனால் ஓவல் 8 சென்ட் எடை கூட. கேரட்டுக்கு வகுத்தால் 37.6க்கு 37, ஏறத்தாழ ஒன்றுதான். பரப்பு கூடுவதில்லை, நீளம் கூடுது. 7 மி.மீ. நீளம் விரலோடு ஓடும்போது விரலும் நீளமாகத் தெரியும், அதுதான் ஓவலின் நிஜமான லாபம். இன்னொன்று, வட்டமாக வெட்டினால் ரஃப் (பட்டை தீட்டாத) கல்லில் பாதிக்கு மேல் தூளாகப் போகும், ஓவலில் அவ்வளவு போகாது. அதனால் அதே தரத்துக்கு ஓவல் விலை குறைவாக நிற்கும்.

---

கல்பதிப்பு_வேலை

கல் எதுவானாலும் பதிக்கிற வேலை சரியில்லை என்றால் ஆறு மாதத்தில் கல் ஆடும். அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், மேடம்.

வைரம் கீறாதே தவிர உடையாது என்று இல்லை. அதற்கு நான்கு திசையில் பிளவுத் தளம் உண்டு, அந்தத் தளத்தில் சரியாக அடி விழுந்தால் சில்லு தெறிக்கும். கூர் முனை இருக்கும் வடிவங்கள்தான் முதலில் பாதிக்கப்படும். பிரின்சஸின் நான்கு மூலை, பேரின் ஒரு நுனி, மார்க்கீஸின் இரண்டு நுனி. அந்த இடங்களில் கல்லைப் பிடிக்க 'வி' வடிவக் கொக்கி போடாமல் தினப்பழக்கத்துக்கு மோதிரம் செய்யக் கூடாது. ரவுண்டுக்கும் ஓவலுக்கும் முனை இல்லை, கழற்றாமல் போடுகிறவருக்கு இரண்டுமே பாதுகாப்பு.

ரிப்போர்ட்டில் கர்டில் என்ன என்று பாருங்கள், கேள்வியில் அது இல்லை. தின் முதல் ஸ்லைட்லி திக் வரை நல்லது. எக்ஸ்ட்ரீம்லி தின் என்று எங்கேயாவது இருந்தால் கொக்கியை இறுக்கும்போதே ஓரம் தெறிக்கலாம். ரொம்பத் திக் என்றால் எடை இடுப்பில் தேங்கி, கல் சின்னதாகத் தெரியும்.

கொக்கி எத்தனை? 5.6 மி.மீ. ரவுண்டுக்கு நான்கும் போதும், ஆறும் போடலாம். நான்கு போட்டால் கல் கொஞ்சம் சதுரமாகத் தோன்றும், வெளிச்சம் கூடுதலாகப் போகும். ஆறு போட்டால் வட்டம் வட்டமாகவே நிற்கும், ஒன்று தேய்ந்தாலும் கல் விழாது. 1886இல் டிஃபனி கொண்டுவந்த ஆறு கொக்கி அமைப்பு இன்றும் ஓடுவதற்கு அதுதான் காரணம். தினமும் போடுகிறவருக்கு நான் ஆறுதான் சொல்வேன். ஓவலுக்கு நான்கு கொக்கியை நுனியில் வைக்காமல், கடிகாரத்தில் 1, 5, 7, 11 இருக்கும் இடங்களில் வைக்கச் சொல்லுங்கள்.

18 கேரட் எடுத்தது சரியான முடிவு. 22 கேரட்டில் கொக்கி மெத்தென்று இருக்கும், துணியில் சிக்கினால் நிமிர்ந்துவிடும். கொக்கியில் கல் உட்கார வெட்டும் காடி, கொக்கியின் பருமனில் பாதிக்கு மேல் போகக் கூடாது. ஆழமாக வெட்டினால் பார்வைக்குக் கல் கச்சிதமாக உட்காரும், ஆனால் அந்த இடத்தில்தான் பின்னால் முறியும். லூப்பில் (கல் பார்க்கும் சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி) பக்கவாட்டில் பார்த்தால் கொக்கிக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி தெரியக் கூடாது. வளையத்தின் அடிப்பாகம் 1.5 மி.மீ. பருமனுக்குக் குறைந்தால் சில வருஷத்தில் கோணிக்கொள்ளும், வளையம் கோணினால் கொக்கியும் விலகும்.

இன்னொரு விஷயம், பெரியவர்களுக்குப் புரியவைக்க உதவும். நம் வீட்டு வைரத்தோடும் மூக்குத்தியும் குளோஸ்டு செட்டிங். கல்லின் பின்பக்கம் தங்கத்தால் மூடியிருக்கும், வெளிச்சம் முன்னாலிருந்து மட்டும்தான். நீலச் சாயல் அடிக்கும் ப்ளூ ஜாகர் கல்லை அப்படிப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, பக்கமெல்லாம் திறந்த மோதிரக் கல் முதலில் வேறாகத் தோன்றும். மோதிரத்தில் கல்லின் அடி தெரிய வேண்டும், திறந்திருந்தால்தான் கழுவவும் முடியும்.

கழுவுவதைக் குறைவாக நினைக்காதீர்கள். வைரத்துக்கும் எண்ணெய்க்கும் அத்தனை ஒட்டுதல், சுரங்கங்களில் கிரீஸ் பூசிய மேஜைமேல் சரளையையும் தண்ணீரையும் ஓடவிட்டு, ஒட்டிக்கொண்ட வைரத்தைப் பொறுக்கியிருக்கிறார்கள். தேங்காய் எண்ணெய், மஞ்சள், கை கிரீம் எல்லாம் கல்லின் அடியில் படலமாகப் படியும்.

---

பட்டைக்கோணம்

கல்பதிப்பு சொன்னதற்கு ஒரு கணக்கு சேர்க்கிறேன். காற்றை ஒட்டிய பட்டையில் 24.4°யில் திரும்பிய ஒளி, 1.45 ஒளிவிலகல் எண் உள்ள தேங்காய் எண்ணெய் ஒட்டிய பட்டையில் சுமார் 37°க்கு மேல் விழுந்தால்தான் திரும்பும். 40.8° பெவிலியனில் நேராக வரும் கதிர் அப்போதும் தப்பிவிடும், கொஞ்சம் சாய்ந்து வரும் கதிரெல்லாம் எண்ணெய் வழியே கசிந்துவிடும். எத்தனை நல்ல கட் வாங்கினாலும் ஒரு மாதம் கழுவாவிட்டால் சுமாரான கட் போலத்தான் இருக்கும்.

வாரம் ஒரு முறை வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு 20 நிமிஷம் ஊறவைத்து, குழந்தைகள் பிரஷால் கல்லின் அடிப்பக்கம் தேயுங்கள். பற்பசை வேண்டாம், தங்கம் கீறும். பிளீச்சிங், குளோரின் பக்கமே போகக் கூடாது, 18 கேரட்டில் கலந்திருக்கும் உலோகத்தை அரித்துக் கொக்கியைப் பலவீனமாக்கும். கழுவும்போது சிங்க் ஓட்டையை அடைத்துவிடுங்கள்.

---

அடையாறு_ரத்தினப்பரீட்சை

அம்மாவின் கவலைக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று வைரத்தின் குற்றங்களை நம் முன்னோர் பெயர் வைத்தே பிரித்திருக்கிறார்கள். அம்மா கேட்பது வெறும் பயம் இல்லை, பழைய தரச் சோதனையின் தொடர்ச்சி. ஏகை என்பது இன்றைய ரிப்போர்ட்டில் ஃபெதர் என்று வரும் கீற்று. விந்து என்பது உள்ளே தெரியும் புள்ளி, பின்பாயின்ட் அல்லது கிரிஸ்டல் என்று வரும்.

விஎஸ்2 என்றால் 10 மடங்கு லூப்பில் நிபுணர் தேடினால் சிறு குறை தெரியும், வெறும் கண்ணுக்குத் தெரியாது. ரவுண்டிலும் ஓவலிலும் பட்டைகளின் மினுக்கமே சின்னக் குறைகளை மறைத்துவிடும். எமரால்ட், ஆஷர் போன்ற படிக்கட்டு வெட்டுகளுக்குத்தான் விஎஸ்1க்குக் கீழே போகத் தயங்க வேண்டும், அங்கே டேபிள் ஜன்னல் போலத் திறந்திருக்கும்.

வீட்டில் தோஷம் பார்ப்பவர்கள் இருந்தால் கிரேடை ஏற்றிப் பணம் கொடுப்பதைவிட, அதே விஎஸ்2இல் குறை எங்கே, என்ன நிறம் என்று பாருங்கள். சில ரிப்போர்ட்டில் கல்லின் படம் போட்டுக் குறைகளைக் குறித்திருப்பார்கள், சின்னக் கல்லுக்கு வரும் சுருக்க ரிப்போர்ட்டில் படம் இருக்காது, அப்போது லூப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். டேபிளுக்கு நடுவில் கறுப்புக் கிரிஸ்டல் இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். ஓரத்தில் வெள்ளைப் பின்பாயின்ட் என்றால் அம்மாவிடமே லூப்பைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம். ஆனால் கர்டிலைத் தொடும் ஃபெதர் இருந்தால் கல் பதிப்பவரிடம் அவசியம் காட்டுங்கள், அந்த இடத்தில் கொக்கி அழுத்தக் கூடாது.

---

மடிப்பாக்கம்_அக்கா

எல்லாருக்கும் மிக்க நன்றி. மேஜைக்கு அடியில், வாசலில், டியூப் லைட்டில் மூன்றையும் பார்த்தோம். கல் 1இல் சாம்பல் வளையம் அப்படியே தெரிந்தது, ஸ்கோப்பில் அந்த இடம் வெளிறிய சிவப்பும் வெள்ளையுமாக இருந்தது. கல் 2 ஓரம்வரை சிவப்பு, எட்டு அம்பும் தெளிவு. கல் 3இல் போ டை ஆட்டினாலும் போகவில்லை.

தம்பி பெண்ணிடமே கேட்டுவிட்டான், ஓவல்தான் வேண்டுமாம். அதனால் வேறு ஓவல் வரவழைக்கச் சொல்லலாம் என்று இருக்கிறோம். கடையில் எப்படிச் சொல்லிக் கேட்பது? பில்லில் என்னென்ன பார்க்க வேண்டும்?

---

சௌகார்பேட்டை_லூப்

அணிகிறவர் விருப்பத்துக்கு மேல் ஒன்றும் இல்லை, ஓவலே பாருங்க. கடைக்காரரிடம் இப்படி எழுதிக் கொடுங்க: ஓவல் பிரில்லியண்ட், 0.65 முதல் 0.69 வரை, ஜி அல்லது எச், விஎஸ்2 அல்லது மேலே, நீளத்தை அகலத்தால் வகுத்தால் 1.35–1.45, டெப்த் 58–62.5, டேபிள் 55–61, கர்டில் தின் முதல் ஸ்லைட்லி திக், பாலிஷும் சிமெட்ரியும் வெரி குட் அல்லது மேலே, ஃப்ளோரசன்ஸ் இல்லை அல்லது ஃபெயின்ட். 70 சென்ட்டுக்குக் கீழே கேட்பதற்குக் காரணம் மேலே பேசின விலைக் கட்டம்தான். இந்த எல்லைகள் வடிகட்ட மட்டும், இதில் பாஸ் ஆன கல்லிலும் போ டை இருக்கலாம்.

முதலில் சூரத், மும்பையிலிருந்து ஏழெட்டுக் கல்லின் சுற்றுகிற வீடியோவைக் கேளுங்க. நடுவில் கறுப்பு நிலையாக நிற்பதை வீடியோவிலேயே கழித்துடலாம். மிச்சம் மூன்றை ஜாங்கட்டில் வரவழைக்கச் சொல்லுங்க, அதாவது பார்த்துப் பிடித்தால் எடுப்பது, இல்லையென்றால் திருப்பி அனுப்புவது. நேரில் தோள்களையும் கவனியுங்க. ஓவலின் நான்கு தோளும் ஒரே வளைவில் இருக்கணும், ஒன்று தட்டையாக இருந்தால் கல் பதித்த பிறகு கோணலாகத் தெரியும். 7 வாரத்தில் கல்லுக்கு 2 வாரம், மோதிர வேலைக்கு 3 வாரம், ஹால்மார்க்குக்கும் அளவு திருத்தத்துக்கும் மிச்சம் என்று வையுங்க. பெண்ணின் விரல் அளவைச் சாயங்காலம் எடுங்க, காலையில் எடுத்த அளவு நம் ஊர்ப் புழுக்கத்தில் இறுக்கும்.

---

கல்பதிப்பு_வேலை

பில் விஷயம் நான் சொல்கிறேன்.

கல் எடையும் தங்க எடையும் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். 1 கேரட் 0.2 கிராம். 0.67 கேரட் கல் 0.134 கிராம். மோதிரம் தராசில் 3.634 காட்டினால் தங்கம் 3.500தான். மொத்த எடைக்குத் தங்க விலை போட்டால், கல்லுக்கு ஒரு முறையும் அதன் எடைக்குத் தங்கமாக இன்னொரு முறையும் பணம் போகிறது. மோதிரத்தின் உள்பக்கம் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரை, 18கே750, ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த எச்யூஐடி என்ற தனி அடையாள எண், இந்த மூன்றும் இருக்க வேண்டும். எச்யூஐடியை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் விவரம் வரும். ஜிஎஸ்டி நகைக்கு 3%. ஜிஐஏ ரிப்போர்ட் எண்ணும் பில்லிலேயே எழுதப்பட வேண்டும்.

கல்லைப் பதிக்கக் கொடுக்கும் முன் கர்டிலில் லேசரால் பொறித்த எண்ணை லூப்பில் படித்து ரிப்போர்ட்டோடு ஒப்பிடுங்கள். எண் கர்டிலில் எந்த இடத்தில் வருகிறது என்று கல் பதிப்பவரிடம் காட்டி, அது இரண்டு கொக்கிக்கு நடுவே வரும்படி கொக்கியை அமைக்கச் சொல்லுங்கள். ஓவலை அரைவட்டம் திருப்பினாலும் கொக்கிகள் கல்லின் அதே இடங்களில்தான் வரும், அதனால் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மோதிரம் கைக்கு வந்ததும் பக்கவாட்டில் லூப் வைத்து அதே எண்ணை மறுபடி படித்துப் பாருங்கள், படித்த பிறகு பில்லில் கையெழுத்துப் போடுங்கள்.